ரூகர் 10/22: ஸ்டாக் மாற்றினால் போதுமா, சாஸிஸ் வேண்டுமா?

1964-ல் வந்த ரூகர் 10/22, .22 தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக் (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிள். அதற்கு மாற்று ஸ்டாக், அதாவது தோளில் ஊன்றிப் பிடிக்கும் கட்டை, ஏராளம். அழகைப் பார்த்து எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கன்னம். சாதாரண கார்பைன் மாடலின் மரக்கட்டை, இரும்புக் குறியைப் பார்த்துச் சுடுவதற்கான உயரத்தில் இருக்கிறது. மேலே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஏற்றியதும் கண் உயர வேண்டியிருக்கும்; கன்னம் கட்டையை விட்டு எழும்பி, தாடை மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் தலை வேறு வேறு இடத்தில் போய் உட்காரும். .22 தோட்டாவுக்குப் பின்னுதைப்பு பெரிதாகக் கிடையாது, அதனால் தடித்த ரப்பர் பேடுக்குக் காசு கொடுப்பது வீண்.

இரண்டாவது, ரிசீவர், அதாவது துப்பாக்கியின் இயங்கு பாகங்கள் இருக்கும் உடல். அதை ஸ்டாக்கோடு பிடித்து வைத்திருப்பது மேகஸினுக்கு (தோட்டா வைக்கும் பெட்டி) முன்னால் இருக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூ. பின்பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே ஆட்டம் இருந்தால் குறியும் ஆடும்.

இனி கடையில் கிடைப்பவை. ஹோக் நிறுவனத்தின் ஓவர்மோல்டட், ரப்பர் பூசிய ஸ்டாக். ஈரக் கையிலும் வழுக்காது. ஆனால் நீளத்தையோ கன்ன உயரத்தையோ கூட்டிக் குறைக்க வழியில்லை, பைபாட் (முன்னால் ஊன்றும் இரட்டைக் கால்) மாட்டி அழுத்தினால் முன்பகுதி வளைந்து கொடுக்கும். பாய்ட்ஸ் நிறுவனத்தின் லேமினேட் (அடுக்கடுக்காக ஒட்டிய) மரம் பார்க்க அழகு, தனி மரத்தைப் போல ஈரத்துக்கு முறுக்கிக்கொள்ளாது. அவர்களுடைய அட்-ஒன் மாடலில் நீளம், கன்ன உயரம் இரண்டையும் மாற்றலாம். கனம்தான் குறை.

மேக்புல் ஹண்டர் எக்ஸ்-22-இன் சிறப்பு, பேரல் (துப்பாக்கிக் குழல்) உட்காரும் தட்டு. அதைத் திருப்பிப் போட்டால் சாதாரண பேரலும் பொருந்தும், 0.920 அங்குலத் தடி பேரலும் பொருந்தும். நாளைக்கு பேரலை மாற்றினாலும் ஸ்டாக் வீணாகாது. நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்பேசர் (இடையில் வைக்கும் துண்டு) உண்டு. கன்னத்தை உயர்த்தும் துண்டைத் தனியாக வாங்க வேண்டும்.

சாஸிஸ் என்பது உலோகச் சட்டம் வைத்த ஸ்டாக். கேஆர்ஜி பிராவோ மாதிரியான சாஸிஸில் அலுமினிய முதுகெலும்பு, கன்ன உயரத்துக்கு வசதி எல்லாம் கூடவே வரும். மணல் மூட்டையில் வைத்து இலக்கைச் சுடுகிறவருக்கு அது அருமை. அணில் வேட்டைக்குக் காடு முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கிறவருக்கு வெறும் சுமை. சுமார் 2.3 கிலோ துப்பாக்கியின் சுகமே அதன் லேசுதானே! என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு மேக்புல்லும் அந்தக் கன்னத் துண்டும் போதும்.

வாங்குமுன் உங்கள் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் மடக்கு ஸ்டாக், பிஸ்டல் கிரிப் போன்றவற்றுக்கு அமெரிக்காவின் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு.

கழற்றும்போது முதலில் மேகஸினை எடுத்து, சேம்பர் (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் பேரல் வளையம், ஸ்க்ரூ. இதற்கு மேலும் வரவில்லையா? சேஃப்டி பொத்தான் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நீட்டிக்கொண்டிருக்கும். அதை நட்டநடுவில் நிறுத்தினால்தான் ரிசீவர் வெளியே வரும். நான் முதல் தடவை இது தெரியாமல் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். மாட்டி முடித்ததும் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை ஓட்டிப் பாருங்கள், எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும். ஸ்கோப்பை மறுபடி ஸீரோ செய்த (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்த) பிறகு புது ஸ்டாக்கைக் குறை சொல்லலாம்.