"அமெரிக்க அரசு அங்கீகரித்த உணவுத் திட்டம்" என்று பணம் வாங்கும் பகல்நேரப் பராமரிப்பு நிலையம்: கொழும்புப் பெற்றோர் கவனத்துக்கு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இயங்கும் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் எங்கள் மூன்றரை வயது மகளை ஏழு மாதங்கள் விட்டிருந்தோம். நானும் கணவரும் கோட்டையில் வேலை பார்ப்பதால், காலை ஏழரைக்கு விட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் அவளைக் கூட்டிவர முடியும்; அவள் சாப்பிடுவதில் பெரும்பகுதி அங்கேதான். ஆகவே, வழக்கமான கட்டணத்துக்கு மேல் மாதம் 8,500 ரூபாயை "அமெரிக்க விவசாயத் திணைக்களம் அங்கீகரித்த உணவுத் திட்டம்" என்ற பெயரில் கேட்டபோது மறுபேச்சின்றிக் கொடுத்தோம். அவர்களது கைநூலில் பால், புரதம், மரக்கறி, பழம், தானியம் என ஐந்து பிரிவுகள் கோப்பை அளவுகளுடன் அச்சிடப்பட்டிருந்தன. ஓரத்தில் பொன்னிற முத்திரை ஒன்றும் இருந்தது.

மகள் இரவில் சோற்றைத் தொடாமல் எழும்புவதை நாங்கள் செல்லம் என்றே நினைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா, "பிள்ளையின்ர நாக்கு இனிப்புக்குப் பழகிப் போச்சு" என்று இரண்டு தடவை சொல்லியும் நான் காதில் வாங்கவில்லை. கடும் மழையால் அலுவலகம் முற்பகலே மூடப்பட்ட ஒரு நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் முன்னறிவிப்பின்றிப் போய் நின்றபோதுதான் விடயம் விளங்கியது. பிள்ளைகளின் முன்னால் வெந்நீர் ஊற்றிய நூடில்ஸ் கிண்ணமும், இரண்டு கிரீம் பிஸ்கட்டும், சொக்லேட் பால் பைக்கற்று ஒன்றும் இருந்தன. சுவரில் ஒட்டியிருந்த அன்றைய பட்டியலிலோ சோறு, பருப்பு, மீன், பூசணிக்காய், பப்பாசி என்று எழுதப்பட்டிருந்தது. காலையிலும் பின்னேரத்திலும் என்ன கொடுப்பீர்கள் என்று பிள்ளைகளைப் பராமரிக்கும் பெண்ணிடம் கேட்டேன். இரண்டு வேளையும் பைக்கற்றுப் பழச்சாறு என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சமையலறையில் எரிவாயு அடுப்பின் மேல் பிள்ளைகளின் வரைதாள்கள் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. அந்த அடுப்பு எரிந்து பல நாளாகியிருக்க வேண்டும்.

"அந்தத் திட்டத்திலேயே மாற்று உணவுக்கு அனுமதி உண்டு, மேடம்" என்றார் முகாமையாளர். அன்றிரவு திட்டத்தின் விதிகளைத் தேடி வாசித்தேன். அது அமெரிக்காவின் சிறுவர் மற்றும் முதியோர் பராமரிப்பு உணவுத் திட்டம். 1968இல் தொடங்கப்பட்டு, அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தால் மாநில நிர்வாகங்களூடாக நடத்தப்படுவது. தகுதியுள்ள நிலையங்கள் விதிப்படி உணவளித்துக் கணக்குக் காட்டினால், செலவை அரசு மீளளிக்கிறது. அதாவது அது அந்நாட்டு நிலையங்களுக்கான மீளளிப்பு ஏற்பாடே தவிர, பணம் கட்டிப் பெறும் தரச்சான்றிதழ் அன்று. கொழும்பிலுள்ள ஒரு நிலையம் அதில் சேர வழியே இல்லை. அதைவிட வேடிக்கை, இவர்கள் கொடுத்தவற்றை அந்த விதிகளே மறுக்கின்றன. பழச்சாறு முழுமையானதாக இருந்தால் மட்டுமே கணக்கில் எடுக்கப்படும், அதுவும் நாளொன்றுக்கு ஒரு தடவைதான். இனிப்புப் பிஸ்கட் தானியமாகக் கருதப்படாது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சுவையூட்டிய பால் கூடாது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளையின் மதிய உணவில் முக்கால் கோப்பை பால், ஒன்றரை அவுன்ஸ் இறைச்சி அல்லது அதற்கு ஈடான புரதம், கால் கோப்பை மரக்கறி, கால் கோப்பை பழம், அவற்றுடன் தானியமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் உண்மையில் பரிமாறிய உணவை எழுதிவைக்கவும் வேண்டும். (எங்கள் வீட்டுச் சோறும் பருப்பும் மீனும் கீரையும் பப்பாசியும், கூட ஒரு குவளை பாலும் இருந்தாலே இந்தக் கணக்கு நிறைந்துவிடும், அதற்கு அமெரிக்க முத்திரை எதற்கு?)

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் இரண்டாவது ஏமாற்று வெளிப்பட்டது. ஏழு பற்றுச்சீட்டுகளிலும் "செயற்பாட்டுக் கட்டணம்" என்றே எழுதியிருந்தார்கள். உணவு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கைநூலும், கட்டணத்தை விளக்கி அவர்கள் அனுப்பிய வட்ஸ்அப் செய்தியும் என்னிடம் இருந்திராவிட்டால் என் வாதம் அங்கேயே முடிந்திருக்கும். பிள்ளையைத் தொடர்ந்து விட்டால் ஒரு மாதக் கட்டணத்தைக் கழிப்பதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடைசெய்கிறது. ஆனால் முறைப்பாட்டை எழுத்துமூலம், மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே முதல் நான்கு மாதப் பணத்தை நான் மறந்துவிட வேண்டியதுதான். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. சமையலறையின் நிலையைப் பற்றி எங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். உணவுச் சுகாதாரம் அவரது பொறுப்பு.

இதே கைநூலைக் காட்டி உங்களிடமும் பணம் கேட்டால், பற்றுச்சீட்டில் "உணவுக் கட்டணம்" என்றே எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளையைச் சேர்க்கும் முன் மதியம் பன்னிரண்டு மணிக்கு, சொல்லாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நான் அனுப்பிய முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதி வேண்டுவோர் கேட்டால் தருகிறேன்.