மாட்டு மடிநோய்க்குத் தமிழில் ஒரு வீடியோ: அக்சஸ் அக்ரிகல்ச்சர் தளம்

மலேசியாவின் நிபோங் திபாலில் ஆறு மாடு வைத்திருக்கிறேன். காலைப் பால் கோவிலுக்கும் நாலைந்து ஒட்டுக்கடைகளுக்கும் போகிறது. போன மழைக்காலத்தில் லட்சுமிக்கு ஒரு பக்க மடி கல் மாதிரி இறுகி, பால் திரிதிரியாக வந்தது. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் சில நாள் பாலை விற்கக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டு, அத்தனை பாலையும் கீழே ஊற்றினேன். வயிறு எரிந்தது.

அடுத்த மாட்டுக்கும் மடி வீங்கத் தொடங்கியபோது மருமகன், "அத்தை, இதைப் பாருங்க" என்று போனை நீட்டினார். அதுதான் அக்சஸ் அக்ரிகல்ச்சர், 100-க்கும் மேற்பட்ட மொழிகளில் விவசாய வீடியோக்களை இலவசமாகத் தரும் தளம். தமிழும் இருக்கிறது. ஆராய்ச்சியாளர் கண்டறிந்ததை விவசாயிகளே தங்கள் தொழுவத்தில் நின்று செய்துகாட்டுகிறார்கள். வங்காளதேசப் பெண்கள் நெல் விதையைக் காயவைத்துச் சேமிக்கும் வீடியோக்களை ஆப்பிரிக்க விவசாயிகளுக்கும் அவரவர் மொழியில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

அதில் பார்த்த மடிநோய் மருந்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி கிராமத்து வைத்தியத்தைத் திரட்டிப் பரப்பிய முறை இது. பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, அரைத்த விழுதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டும். நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். பத்துத் தடவை என்பது லேசான வேலை இல்லை. கை, சேலை எல்லாம் மஞ்சள். ஆனால் மூன்றாம் நாளே வீக்கம் இளகியது, ஐந்தாம் நாள் பால் தெளிந்தது. தொடக்கத்திலேயே பிடித்ததால்தான் கேட்டது என்று நினைக்கிறேன். காய்ச்சல் இருந்தாலோ பாலில் இரத்தம் வந்தாலோ மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும்.

மாடு வைத்திருக்கும் எல்லாரும் இந்தத் தளத்தைப் பார்க்க வேண்டும். நேரம் இல்லாதவர்கள் மடிநோய் வீடியோவையாவது பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் நிற்கிறது. ஜாவியில் மாடு வளர்க்கும் ஒரு பாட்டியிடம் வீடியோவைக் காட்டினேன். "எங்கம்மா தோட்டத்துல இதேதான் பூசுவாங்க. பச்சை மஞ்சளா அரைச்சாத்தான் மழையில ஒட்டும்" என்றார். நம் ஊர் மழைக்கு ஏற்ற பேச்சு இது. நாம் வீடியோ பார்க்கலாம், வீடியோ நாம் சொல்வதைக் கேட்காது. அதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும். அடுத்த முறை தடுப்பூசி போட வரும் கால்நடைத் துறை அலுவலரிடம் பாட்டி சொன்னதைச் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லப்போகிறேன்.