வவுனியாவின் தேர்தல் வரலாறு: முடிவு அட்டவணைகள் எவ்வளவு உதவும்?

தேர்தல்கள் ஆணைக்குழு இணையத்தில் இலவசமாகத் தரும் பழைய முடிவு அட்டவணைகளுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். எண்கள் நம்பகமானவை. ஆனால் ஓர் ஆண்டின் எண்ணை இன்னோர் ஆண்டோடு அப்படியே ஒட்டினால் வவுனியாவின் கதை பிழைத்துவிடும்.

முதற் சிக்கல் எல்லை. 1947, 1952, 1956 பொதுத்தேர்தல்களில் 'அடங்காத் தமிழன்' சுந்தரலிங்கம் வென்ற வவுனியா வேறு, 1977இல் ரி. சிவசிதம்பரம் வென்ற வவுனியா வேறு. முல்லைத்தீவு 1977இல்தான் தனித் தொகுதியாக வாக்களித்தது. 1989 முதல் வவுனியா, வன்னித் தேர்தல் மாவட்டத்தின் மூன்று பிரிவுகளில் (மன்னார், முல்லைத்தீவு, வவுனியா) ஒன்று மட்டுமே. தனக்கென்று ஆசனம் கிடையாது.

நகரத்தை மட்டும் பார்க்க விரும்புவோர் 2009 ஓகஸ்ட் 8 நகர சபை முடிவை எடுத்துக்கொள்ளலாம். வீடு (தமிழரசுக் கட்சி) 4,279, நங்கூரம் (ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணி) 4,136, வெற்றிலை (ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு) 3,045, முஸ்லிம் காங்கிரஸ் 587. முதலிரண்டுக்கும் இடையே வெறும் 143 வாக்குகள். ஆசனங்களோ 5, 3, 2, 1! அட்டவணை இதற்குக் காரணம் சொல்லாது. அன்றைய முறையில் முன்னணிக் கட்சிக்கு 2 போனஸ் ஆசனம். 11இல் அதைக் கழித்தால் மிச்சம் 9. செல்லுபடியான வாக்குகளை ஒன்பதால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறக்குறைய 1,370 வாக்கு. வீட்டுக்கும் நங்கூரத்துக்கும் மும்மூன்று, வெற்றிலைக்கு இரண்டு. கடைசி ஒன்று மிகப்பெரிய மீதி வைத்திருந்த முஸ்லிம் காங்கிரசுக்கு. இந்தக் கணக்கை ஓரத்தில் அச்சிட்டிருந்தால் எத்தனை வீண் வாக்குவாதம் குறைந்திருக்கும்.

2018 முதல் உள்ளூராட்சியில் வட்டாரமும் விகிதாசாரமும் 60:40 கலந்த முறை. ஆகவே 2009இன் ஆசனங்களை அதற்குப் பிந்தியவற்றோடு ஒப்பிட வேண்டாம். வாக்குகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

கட்சிப் பெயரில் தேடுவோரும் தடுமாறுவார்கள். 'தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு' என்று எந்த வரியும் இராது. 2001இல் அது உதயசூரியனில், தமிழர் விடுதலைக் கூட்டணியின் பெயரில் கேட்டது. 2004 முதல் 2020 வரை வீட்டில், தமிழரசுக் கட்சியின் பெயரில். அந்தக் கூட்டமைப்பில் இருந்த செல்வம் அடைக்கலநாதன் 2024இல் வென்றது சங்குச் சின்னத்தில். அந்தந்த ஆண்டின் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு போவதே பாதுகாப்பு.

தபால் வாக்குகள் பிரிவு வரிகளில் சேர்வதில்லை. மன்னார், முல்லைத்தீவு ஊழியர்களோடு வவுனியா ஊழியர்களும் ஒரே தனி வரிக்குள் கிடப்பார்கள். 2010 போன்ற ஆண்டுகளில் இடம்பெயர்ந்தோர் வாக்குக்கு இன்னொரு வரி. இவ்விரண்டையும் விட்டுவிட்டு மூன்று பிரிவுகளை மட்டும் கூட்டினால் மாவட்ட மொத்தம் வராது. அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

பாராளுமன்ற அட்டவணையிலும் போனஸ் ஒளிந்திருக்கிறது, ஆனால் ஒன்றுதான். 2024இல் வன்னியின் ஆறு ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி பெற்ற இரண்டில் ஒன்று அது. போனஸைக் கழித்தால் எஞ்சிய ஐந்தும், தேசிய மக்கள் சக்தி உட்பட, ஐந்து கட்சிகளுக்கு ஒவ்வொன்றாகப் போயின. கணக்குப் பழக 2024 தாளிலேயே தொடங்கலாம்: முதலில் 5 சதவீதத்துக்குக் கீழுள்ள கட்சிகளின் வாக்குகளைக் கழியுங்கள், பிறகு ஐந்தால் வகுங்கள், ஆறால் அல்ல.