அம்மாவின் 80ஆவது பிறந்தநாளுக்கு எந்த விடுதி: கன்னிமராவா, மஜெஸ்டிக்கா, ராஃபிள்ஸா?

2026 பெப்ரவரியில் அம்மாவுக்கு 80 வயது நிறைகிறது. ரொறன்ரோவிலிருந்து அண்ணரின் குடும்பமும் லண்டனிலிருந்து தங்கையின் குடும்பமும் புறப்பட்டு வர, யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அம்மாவோடு இருக்கும் நானும் மனைவியும் சேர்ந்து, எல்லோரும் ஏதாவதொரு வெளிநாட்டு நகரில் நான்கு இரவுகள் ஒன்றாகத் தங்குவதென்று முடிவானது. வீட்டில் கொண்டாடினால் அன்றைக்கும் அம்மா அடுப்படியில்தான் நிற்பார் என்பது மூன்று பிள்ளைகளுக்கும் தெரியும். செலவை மூவரும் பகிர்வதால், ஒரு தடவையேனும் அவரை நல்லதொரு நட்சத்திர விடுதியில் இருத்திப் பார்க்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசைக்கும் இம்முறை தடையில்லை.

அண்ணர் சிங்கப்பூரின் ராஃபிள்ஸையும், தங்கை கோலாலம்பூரின் மஜெஸ்டிக்கையும், நான் சென்னையின் தாஜ் கன்னிமராவையும் முன்வைத்தோம். மூன்றும் பழைய விடுதிகளாக அமைந்தது தற்செயலன்று. கண்ணாடிக் கோபுரங்களாக எழுந்த புதிய விடுதிகளில் திரைச்சீலையை மூடிவிட்டால் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரிவதில்லை. இவ்வளவு காசு கொடுக்கும்போது, அந்த நகரத்தோடு சேர்ந்து வளர்ந்த ஒரு கட்டடத்தில் இருப்பதே மேல் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. பினாங்கின் ஈஸ்டர்ன் அன்ட் ஓரியன்டலும் பேச்சில் வந்தது. ராஃபிள்ஸைத் தொடங்கிய ஆர்மேனியரான சார்க்கீஸ் சகோதரர்களே அதையும் 1885இல் தொடங்கினார்கள். கடலை ஒட்டிய அழகான விடுதி. ஆனால் அங்கே போக இடையில் இன்னொரு விமானம் மாற வேண்டியிருந்ததால் முதல் நாளிலேயே அதை விட்டுவிட்டோம்.

ராஃபிள்ஸைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் விடுதி என்ற அளவில் மூன்றிலும் சிறந்தது அதுவே. 1887இல் தொடங்கி, 1987இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2017இன் பிற்பகுதியில் திருத்த வேலைக்காக முற்றாக மூடப்பட்டு, 2019 ஓகஸ்டில் மீண்டும் திறந்தது. சாதாரண ஒற்றை அறை என்று அங்கே எதுவுமில்லை. 115 இருப்பிடங்களும் தனி இருப்பறையும் படுக்கையறையும் கொண்டவை. குடும்பமாகத் தங்குகிறவர்களுக்கு இது சிறிய வேறுபாடன்று. மற்ற விடுதிகளில் எல்லோரும் கூடிப் பேச வேண்டுமென்றால் ஒருவருடைய கட்டிலின் விளிம்பில் நெருக்கி அமர வேண்டும், அல்லது கீழே முகப்பு மண்டபத்துக்கு இறங்க வேண்டும். ராஃபிள்ஸில் அம்மாவின் இருப்பறையும் அதற்கு வெளியே நீளும் விறாந்தையும் எங்கள் வீட்டு விறாந்தையைப் போலவே பயன்படும். உள்ளே இருக்கும் டிஃபின் ரூமில் வட இந்திய உணவு கிடைக்கும். சைவச் சாப்பாட்டுக்கு 1947 முதல் இயங்கும் கோமள விலாஸ் சிராங்கூன் வீதியில், காரில் சில நிமிடத் தூரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். இராஜரத்தினம் முதலாவது வெளிநாட்டமைச்சராக இருந்த நாடு, இலங்கைத் தமிழர் எழுப்பிய செண்பக விநாயகர் கோயில் சிலோன் வீதியிலேயே நிற்கும் நாடு என்பதால், அங்கே போய் இறங்கினால் அந்நியமாக இராது என்று அண்ணர் சொன்னதும் உண்மையே.

ஆனால் விலை. ராஃபிள்ஸில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் தொகையில் மற்ற இரண்டு விடுதிகளிலும் மூன்று நான்கு இரவுகள் இருந்துவிடலாம். அத்தோடு சிங்கப்பூரில் அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், 10 வீத சேவைக் கட்டணமும், 2024 முதல் 9 வீதமாக இருக்கும் பொருள் சேவை வரியும் இனித்தான் சேரப்போகின்றன என்று பொருள். வரி சேவைக் கட்டணத்தின் மீதும் விதிக்கப்படுவதால், 1000 டொலர் என்று காட்டப்பட்ட அறை பட்டியலில் 1199 டொலராக வந்து நிற்கும். மூன்று இருப்பிடங்கள், நான்கு இரவுகள் என்று பெருக்கிப் பார்த்த பிறகு, பகிர்ந்து கொடுப்பதாயினும் இத்தொகையை மனம் ஒப்பிக் கொடுக்க முடியுமா என்று நான் அண்ணரைக் கேட்டேன். தன்னால் முடியும் என்றார். முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அம்மா எப்படியாவது விலையைக் கேட்டு அறிந்துகொள்வார், அறிந்த பிறகு அங்கே அவருக்கு நித்திரை வராது.

மஜெஸ்டிக்குக்காகத் தங்கை சொன்ன காரணம் விடுதியைப் பற்றியதே அல்ல. அம்மாவின் தகப்பனார் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர்; ஊருக்குத் திரும்பி, பல யாழ்ப்பாணக் குடும்பங்களைப் போல, மலாயாப் பென்ஷனில் பிள்ளைகளைப் படிப்பித்தவர். அம்மா பிறந்தது கோலாலம்பூரில். மூன்று வயதில் கப்பலேறி வந்தவர் பிறகு ஒருபோதும் அங்கே போகவில்லை. 1932இல் கட்டப்பட்ட மஜெஸ்டிக், 1910ஆம் ஆண்டின் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. இடையில் பல ஆண்டுகள் தேசிய ஓவியக்கூடமாக இருந்து, 2012இல் மறுபடியும் விடுதியாகத் திறந்தது. பழைய கட்டடத்திலுள்ள இருப்பிடங்கள் விசாலமானவை, விலையும் கூடியவை. அதன் பின்னால் புதிதாக எழுந்த கோபுரத்தில்தான் பெரும்பாலான அறைகள் உள்ளன. முன்பதிவு செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: படத்தில் காண்பது வெள்ளை நிறப் பழைய கட்டடம், குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கோபுரத்து அறை.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பகுதி அங்கிருந்து வெகு தூரமில்லை. யாழ்ப்பாணத்தவர் முன்னின்று 1904இல் அமைத்த விவேகானந்தர் ஆச்சிரமமும், ஸ்கொட் வீதிக் கந்தசுவாமி கோயிலும் அங்கேயே இருக்கின்றன. வாழையிலைச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. பத்து மலைக்கும் போகலாம், ஆனால் 272 படிகளை ஏற அம்மாவின் முழங்கால் இடங்கொடாது. கீழே நின்று முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். செலவைப் பார்த்தால், மலேசியாவில் அறைக்கு 8 வீத சேவை வரியும், வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் உண்டு. அவற்றைச் சேர்த்த பின்பும் மூன்றிலும் காசுக்குக் கிடைக்கும் பெறுமதி இங்கேதான் அதிகம். 2026இல் சீனப் புத்தாண்டு பெப்ரவரி 17இல் வருகிறது. அந்தக் கிழமையில் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பல கடைகள் மூடியிருக்கும், விமானங்கள் நிரம்பியிருக்கும் என்பதால், அந்நாட்களைத் தவிர்த்தே திட்டமிட வேண்டியிருந்தது.

இவ்வளவும் இருந்தும் நான் சென்னையை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு முதற் காரணம் பலாலி விமான நிலையம். 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன அதன் சென்னைச் சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. உரும்பிராய் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் விமான நிலையம். அங்கிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மீனம்பாக்கம். பறப்பது எழுபது பேர் அளவில் கொள்ளும் சிறிய ஏ.ரி.ஆர். விமானம், ஏறும் வாசல் பின்புறத்தில் தாழ்வாக இருப்பதால் சில படிகளே ஏற வேண்டும். மற்ற இரண்டு நகரங்களுக்கும் கொழும்புப் பக்கம் உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்தே போக வேண்டும். கோலாலம்பூருக்கு மூன்றரை மணித்தியாலமும் சிங்கப்பூருக்கு நான்கு மணித்தியாலமும் பறப்பது பெரிய பாடன்று. அதற்கு முன்னால் ஏ9 வீதி வழியாக ஏழெட்டு மணித்தியாலம் வாகனத்தில் இருந்து, நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கி, திரும்பும்போதும் அதையே செய்வதுதான் பாடு. நான்கு நாள் விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் வீதியிலேயே போய்விடும். எந்த நட்சத்திர விடுதியின் மெத்தையும் அந்த இடுப்பு நோவை ஆற்றாது.

விசா விடயத்தில் நிலைமை நேர்மாறானது. கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் விசா தேவையில்லை, இந்தியாவுக்குத் தேவை. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ள எங்களுக்கு மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இணைய வழியில் விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூருக்கு முன்கூட்டிய விசா இல்லை, போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். ஆகவே சென்னை என்றால் எல்லோருமே விண்ணப்பிக்க வேண்டும். அண்ணரும் தங்கையும் இதைச் சுட்டிக்காட்டியபோது, விண்ணப்பப் படிவத்தின் சிரமத்தை ஐம்பது வயதுக்காரர் சுமக்கலாம், ஏ9 வீதியின் சிரமத்தை எண்பது வயதுக்காரர் சுமக்கக்கூடாது என்று நான் சொன்னதை அவர்கள் மறுக்கவில்லை. அம்மாவின் கடவுச்சீட்டு காலாவதியாகும் நிலையில் இருந்தது. யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் 2025 செப்டெம்பரில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்துவிட்டதால், முன்போல வவுனியாவுக்கோ கொழும்புக்கோ அலையாமல் அதைப் புதுப்பித்துக்கொண்டோம்.

இனிக் கன்னிமரா. 1854இல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கிய விடுதி, 1890இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயரைப் பெற்றது. கொழும்புக் காலிமுகத்திடல் ஹோட்டலின் 1864ஐ விடவும் பத்து ஆண்டு மூத்தது. மவுண்ட் ரோட்டை ஒட்டி, ஸ்பென்சர் பிளாசாவுக்கு அருகே, பின்னி வீதியில் இருக்கிறது. எங்கள் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த ஜெஃப்ரி பாவா 1970களில் இந்த விடுதியைத் திருத்தி விரிவாக்கினார். நீச்சல் தடாகத்தைச் சூழ்ந்த பகுதியில் அவருடைய கை தெரியும். வெளிச்சத்தையும் நிழலையும் மரத்தையும் கட்டடத்துக்குள் இழுத்துவரும் அந்த முறை இலங்கையர் கண்ணுக்குப் பழகியது. 2018இல் பெரிய புதுப்பித்தலுக்குப் பின் திறந்தது. ராஃபிள்ஸின் இருப்பறையும் விறாந்தையும் இங்கே எல்லா அறைகளுக்கும் இல்லை என்பது குறைதான். ரெயின்ட்ரீ உணவகம் செட்டிநாட்டுச் சமையலுக்குப் பெயர்போனது; ஆனால் அம்மா சைவம், அத்தோடு மிளகுக் காரத்தையும் குறைத்துவிட்டார்.

சைவம் என்ற ஒன்றையே அளவுகோலாக வைத்தால், சென்னையிலேயே கிண்டியிலுள்ள ஐ.ரி.சி. கிராண்ட் சோழா முந்தும். 2012இல் திறந்த அந்த விடுதியில் ரோயல் வேகா என்று முழுச் சைவ உணவகமே இருக்கிறது, விமான நிலையத்துக்கும் கிட்ட. ஆனால் 600 அறைகள். சோழர் கட்டடக் கலையை நினைவூட்டும் அந்தப் பிரமாண்டத்தில், அறையிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு நடப்பதே ஓர் உலா. நடை தளர்ந்தவருக்கு அளவான விடுதிதான் சொகுசு. சாப்பாட்டுக்காக ஒரு மதியம் அங்கே போய் வரலாம் என்று வைத்துக்கொண்டோம்.

கட்டணத்தில் இந்தியாவின் கணக்கு நேரானது: ஓர் இரவுக்கு 7500 ரூபாவுக்கு மேற்பட்ட அறைக்கு 18 வீத வரி. 15,000 இந்திய ரூபா என்றால் 17,700.

இரண்டாவது காரணத்தை நான் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கினேன், அம்மாவே சொல்லிவிட்டார். 1990களில் நாங்கள் சென்னையில் இருந்தோம். வடபழனிப் பக்கம் ஒரு மாடி வீட்டின் ஒற்றை அறையில், பொலிஸ் பதிவும் வாடகையும் அண்ணரின் கனடாக் கடிதமும் என்று மூன்று ஆண்டுகள் காத்திருந்தோம். அந்நாட்களில் மவுண்ட் ரோட்டால் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். இறங்கி நின்று பார்க்க நேரமும் இருக்கவில்லை, மனமும் இருக்கவில்லை. தங்கை தொலைபேசியில் கோலாலம்பூரைப் பற்றி ஆசையோடு விளக்கி முடித்தபோது அம்மா, “மலாயா எனக்கு ஞாபகமே இல்லைப் பிள்ளை. மெட்ராஸ்தான் ஞாபகம். கபாலீசுவரர் கோயிலுக்கு அப்பாவோடை நடந்தே போவம்” என்றார். அப்பா அங்கேயே காலமானார். மயிலாப்பூர் கன்னிமராவிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். தங்கை அதற்குப் பிறகு மஜெஸ்டிக்கைப் பற்றிப் பேசவில்லை. அண்ணர் அன்றிரவே இந்திய விசாப் படிவத்தைத் திறந்துவிட்டார்.

முன்பதிவின்போது விடுதிக்கு எழுத்தில் கேட்டவை நான்கு. அம்மாவின் அறையில், தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்காமல், தரையோடு நடந்து போய்க் குளிக்கும் வசதியும் பிடிகம்பியும் வேண்டும்; பழைய கட்டடங்களில் இதைக் கேட்காமல் விட்டால் எந்த அறை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று அறைகளும் ஒரே மாடியில், மின்தூக்கிக்குக் கிட்ட இருக்க வேண்டும். வாசலில் சக்கர நாற்காலி இருக்க வேண்டும். உள்ளே நுழையும்போது கடனட்டையில் எவ்வளவு தொகையைப் பிணையாக நிறுத்திவைப்பார்கள் என்று முன்னரே தெரிய வேண்டும். அத்தொகை திரும்பி வர நாட்கள் எடுக்கும் என்பதால் அதற்குத் தங்கையின் லண்டன் அட்டையைக் கொடுப்பதாக இருக்கிறோம். அம்மாவின் அறைக்குப் பக்கத்து அறை யாருக்கு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அண்ணரும் தங்கையும் இருவருமே அதைக் கேட்கிறார்கள்.