பொகாஷி பக்கெட் செட்டு: அஞ்சு மாசம் யூஸ் பண்ணி பாத்துட்டு எழுதறேன்

காய்கறி தோலு, டீத்தூளு எல்லாம் நான் ஏற்கனவே மாடில கம்போஸ்ட் தொட்டில போட்டுட்டுதான் இருந்தேன். தலைவலியே மீந்த சாம்பார் சாதம், மீன் முள்ளு, கெட்டுப்போன தயிர்தான், அத அங்க போட்டா எலி வருது. பொகாஷின்னா அந்த மாதிரி கழிவ காத்து போகாம மூடி புளிக்க வச்சு, அப்புறம் மண்ணுல மக்க விடறது. அதுக்குன்னே ஆன்லைன்ல இந்த செட்ட வாங்கினேன், குழாய் வச்ச ரெண்டு பக்கெட்டு, ஒரு கிலோ தவிடு, ரெண்டாயிரத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சு.

ஜப்பான்காரங்க முறை இது. தவிட்டுல வெல்லப்பாகும் இஎம் கரைசலும் கலந்து புளிக்க வச்சு காயவச்சிருப்பாங்க, இஎம்ங்கறது நல்லது செய்யற நுண்ணுயிருங்க கலவை, ஒகினாவால தெருவோ ஹிகான்னு ஒரு தோட்டக்கலை புரொபசர் 1980கள்ல கொண்டுவந்தது. கழிவ போட்டு, ஒரு கைப்பிடி தவிடு தூவி, தட்டு வச்சு நல்லா அமுக்கி மூடிடணும், காத்தே போகக்கூடாது. அழுகாது, புளிக்கும். நம்ம தோசை மாவ புளிக்க வைக்கிற அதே லாக்டிக் பாக்டீரியா கோஷ்டிதான்.

ரொம்புனதும் ரெண்டு வாரம் மூடி வச்சு திறந்தா சோத்து மேல வெள்ளையா பஞ்சு மாதிரி பூஞ்சை, மீன் தலை கண்ணோட அப்படியே முழிச்சிட்டு கிடக்கு! போச்சுடா காசுன்னு நெனச்சேன். மாமியார் மோந்து பாத்துட்டு "பழைய ஊறுகா ஜாடி மாதிரில்ல இருக்கு"ன்னாங்க, அந்த வாடைதான் சரியான வாடையாம். உருவம் மாறாது, மண்ணுக்குள்ள போனாதான் மக்கும். தரை இல்லாததால பழைய டிரம்ல மண்ணோட கலந்து மூடி வச்சேன், மூணு வாரம் கழிச்சு கிளறுனா தடியான முள்ளும் மாங்கொட்டையும் தவிர எதுவும் இல்ல, மண்ணு கருப்பா பொலபொலன்னு இருந்துச்சு. உடனே செடி வச்சிடாதீங்க, புளிப்பு அடங்கணும்.

பக்கெட்டு குழாய்ல வடியற புளிச்ச தண்ணிய ஒண்ணுக்கு நூறு பங்கு சாதா தண்ணி கலந்து செடிக்கு ஊத்தணும். நான் அவசரத்துல ஒரு மக்கு தண்ணில கலந்து மொளகா செடிக்கு ஊத்தி இலையெல்லாம் கருகிப்போச்சு, அது என் தப்பு. ஆனா ரெண்டாவது பக்கெட்டு மூடி சரியா உக்காராதது என் தப்பில்ல. காத்து போயி பச்சை கருப்பு பூஞ்சையும் புழுவும் நெளிஞ்சு, வீடே நாறி, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாச்சு. கம்பெனிக்கு ரெண்டு தடவை மெயில் போட்டேன், பதிலே இல்ல.

அப்புறம் வீட்ல கிடந்த 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்ட கழுவி, அடில குழாய் மாட்டி ட்ரை பண்ணேன், இத விட டைட்டா நிக்குது. தவிடு மட்டும் நல்ல சரக்கு, ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா ஒரு கிலோ எனக்கு ரெண்டு பக்கெட்டுக்கே சரியா போச்சு. பக்கெட்டுக்கு ரெண்டு ஸ்டார், தவிட்டுக்கு நாலு. அடுத்த ஆர்டர் தவிடு மட்டும்தான், போட்டாச்சு.