எஞ்சின் வேலை முடிந்தும் எழும்பாத ஹைபிரிட்: மெக்கானிக்கா, ஸ்கேனரா, மதுரையா?

உச்சிப்புளியில் மச்சானின் ஹைபிரிட் காருக்கு ஹெட் கேஸ்கட் மாற்றினார்கள். எட்டு நாள் கழித்து பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது, வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ மட்டும் வரவில்லை. வேலை பார்த்த மெக்கானிக்கையே திரும்ப அழைப்பதா, ராமநாதபுரத்திலிருந்து, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த பிழையைப் படிக்கும் ஸ்கேனரோடு எலக்ட்ரீஷியனை வரவழைப்பதா, 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மதுரை கம்பெனி சர்வீஸுக்கு ஏற்றிவிடுவதா என்று வீட்டில் ஒரே பேச்சு.

அந்த ‘ரெடி’யை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். டொயோட்டா வகை முழு ஹைபிரிட்டில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஜெனரேட்டர்தான் எஞ்சினைச் சுழற்றும். ஆனால் அந்தப் பேட்டரியை இணைக்கும் ரிலேயை இயக்குவது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. எர்டிகா போன்ற மைல்டு ஹைபிரிட்டில் வழக்கமான ஸ்டார்ட்டர் உண்டு, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ரெடி வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லையா? மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். கிராங்க் சென்சார் கப்ளர், டைமிங், பெட்ரோல் வரத்து எல்லாம் அவர் கைபட்ட இடங்கள். திரும்பத் திரும்ப முயன்று பார்க்காதீர்கள். பெரிய பேட்டரி இறங்கிவிட்டால் ஜம்பர் கேபிள் போட்டு அதை ஏற்ற முடியாது.

ரெடியே வரவில்லை என்றால், யாரையும் கூப்பிடுமுன் 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் வையுங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் நிற்கும். 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். கதவு திறந்தபடி நாள்கணக்கில் நின்ற வண்டியில் இது இறங்குவது சகஜம். மண்டபம், பாம்பன் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினலும் எர்த் வயரும் பச்சை பூத்துப்போகும், அதையும் சுரண்டிப் பாருங்கள்.

மச்சான் வண்டியில் பேட்டரி சரியாகவே இருந்தது. இந்த இடத்தில் ஸ்கேனர்க்காரருக்குத்தான் என் ஓட்டு. அவர் வந்து மாட்டியதும் பி0ஏ0டி என்று பிழைக் கோடு (code) காட்டியது. உயர் மின்னழுத்த இன்டர்லாக், அதாவது இணைப்புகள் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் பாதுகாப்புச் சுற்று, திறந்திருக்கிறது என்று அர்த்தம். “அண்ணே, சர்வீஸ் பிளக் கைப்பிடி கடைசி வரை தள்ளலை” என்றார் எலக்ட்ரீஷியன். பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்க உதவும் அந்தப் பிளக்கை வேலை முடிந்து மாட்டி லீவரை மடக்கியவர்கள், பூட்டும் இடம்வரை நகர்த்தவில்லை. முறையான ரப்பர் கையுறை போட்டு அவரே சரிசெய்தார், ரெடி வந்துவிட்டது. கோடு படிக்காமல் போயிருந்தால் இன்வெர்ட்டரையே மாற்றச் சொல்லியிருப்பார்கள் என்று இன்னமும் பதறுகிறது.

மதுரை எப்போது? ஸ்கேனர் மின்கசிவைக் காட்டினால், உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு வயரைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அல்லது பேட்டரி வாரன்டி மீதமிருந்தால். டொயோட்டா இங்கே 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. தருகிறது, அதை உள்ளூரில் கைவைத்து இழக்கக் கூடாது. செலவு கூடினாலும் நான்கு சக்கரமும் மேலே நிற்கும் பிளாட்பெட் வண்டியையே கேளுங்கள். முன்சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும்.