ஓமான் ஹோஜரிக் குந்திரிக்கம்: வாங்கலாமா?

குந்திரிக்கம் என்று கேட்டால் நம் கடைகளில் எடுத்துத் தருவது எப்போதும் ஒரே சரக்கு அல்ல. வெள்ளைக் குங்கிலியமாக இருக்கலாம், நம் நாட்டுப் பறங்கிச் சாம்பிராணிப் பிசினாக இருக்கலாம், பைன் மரப் பிசின் கலந்தும் இருக்கலாம். ஓமானின் தோஃபார் பகுதியில் விளையும் ஹோஜரி இவற்றில் எதுவும் அல்ல. லீவுக்கு ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் வரும் அந்தச் சரக்கைப் பற்றித்தான் இங்கே சொல்கிறோம்.

மரத்தின் பெயர் போஸ்வெல்லியா சாக்ரா. பட்டையைச் சீவினால் பால் கசிந்து மணியாக இறுகும். முதல் சீவலில் வருவது மட்டம். சில வாரம் விட்டு மறுபடி சீவும்போது வருவதே நல்ல விலை போகும். ரப்பர் பால்வெட்டுத் தெரிந்த குமரிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஆனால் ரப்பரைப் போல நாள்விட்டு நாள் வெட்டினால் இந்த மரம் தாங்காது. மலைக்கு அப்புறம், பருவமழை எட்டாத வறண்ட பக்கத்து மணிதான் ஹோஜரி: வெளுப்பு, சில நேரம் இளம்பச்சைச் சாயல். கடலோரத்து ஷாபி பழுப்பாக இருக்கும், விலையும் குறைவு.

சோதிக்க ஒரு மணியைப் பொடித்துத் தண்ணீர் விட்டு உரைத்துப் பாருங்கள். நல்ல சரக்கு பால்போலக் கலங்கும், ஏனென்றால் அதில் பிசினோடு தண்ணீரில் கரையும் கோந்தும் உண்டு. பைன் பிசின் கரையாது. கனலில் போட்டால் முழுக்க உருகி ஓடிக் கரும்புகை கக்கும். ஹோஜரி நுரைத்துப் பொங்கும், முழுதாக உருகாது.

புகைக்கும் முறையில்தான் பலரும் நல்ல சரக்கை வீணாக்குகிறார்கள். சிரட்டைக்கரி செக்கச்செவேல் என்று இருக்கும்போதே போட்டால் மணி கருகி, தீய்ந்த வாடைதான் வரும். கரி சாம்பல் பூக்கும்வரை பொறுத்து, மேலே இன்னும் கொஞ்சம் சாம்பலைத் தூவி, பட்டாணி அளவில் இரண்டு மணி வைத்தால் போதும். முதலில் எலுமிச்சை வாசம், பிறகு கனமான மணம். கப் சாம்பிராணியில் இது கிடைக்காது. வீட்டில் இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இருந்தால் எந்தப் புகையும் வேண்டாம்.

இந்தச் சரக்கு கப்பலேறிய துறைகளில் ஒன்று, தோஃபாரின் பெரிய ஊரான சலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரிக் கழியின் கரையில் இருந்த சும்ஹுரம். மதிலுக்குள் சுமார் ஒரு ஹெக்டேர்தான், ஒரு சிற்றூர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில், இன்றைய யேமன் பகுதியில் இருந்த ஹத்ரமௌத் அரசு கட்டியது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளூஸ் சொல்லும் மோஸ்கா துறை இதுவே என்பது ஆய்வாளர்கள் கருத்து. தமிழகக் கரையிலிருந்து வந்த கப்பல்கள் காற்று திரும்பும்வரை அங்கே தங்கி, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் ஏற்றின. அரசன் அனுமதியின்றி ஒரு மணி ஏற்றினாலும் கப்பல் துறையை விட்டு நகராதாம். அதே கையேடு குமரியையும், அங்கே நீராட வருகிறவர்களையும் குறிப்பிடுகிறது. 2006இல் இத்தாலியக் குழு சும்ஹுரத்தில் தோண்டியபோது கிடைத்த பானைமூடிச் சில்லில் கீரன் என்ற பெயர் தமிழி எழுத்தில், அதாவது பழைய தமிழ் பிராமியில் இருந்தது. கழியின் வாயை மணல் அடைக்க, கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊர் ஒழிந்தது. குமரி மாவட்டத்து மணக்குடிப் பொழிமுகத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி நடந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 2000 முதல் சும்ஹுரம் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது.

ஹோஜரி விலை கூடுதல்தான், ஆனால் தரும் மணத்துக்குத் தகும். நம்மூர் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் பையில் விட்டால் ஒட்டிக் கட்டியாகிவிடும். கண்ணாடி ஜாடியில், வெயில் படாமல் வையுங்கள். சலாலாவிலிருந்து வருகிறவரிடம் சொல்லும்போது, பொடி வேண்டாம், மணியாகவே வாங்குங்கள் என்று சொல்லிவிடுங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.